நெஸ்டா ஜார்மனும் கெந்தர் கோயில் சாவியும்

வெல்ஷ் மலையூரான லான்கெந்தரில், கோயிலின் மேற்குச் சுவரில் ஆளுயரத்துக்கு ஒரு கறுப்புப் பலகை மாட்டியிருக்கிறது. அங்கே ஊழியம் பார்த்த ஆயர்களின் பெயர்கள் எழுநூறு வருடமாக அதில் பொன்னெழுத்தில் இறங்கிக்கொண்டே வருகின்றன. மேலே மடோக், யோர்வெர்த் என்று ஊர்ப் பெயர்கள். நடுவில் இந்த மலையை ஒருமுறைகூட ஏறிப் பாராமல், எட்ட இருந்தே தசமபாகத்தை மட்டும் வாங்கிக்கொண்ட ஆங்கிலேயர்கள். அவர்களுக்குப் பதிலாக மழையில் நனைந்துபோய்ப் பிணம் அடக்கிய உதவி ஆயர்களுக்குப் பலகையில் இடமில்லை. சேவற்சண்டையில் பேர் வாங்கிய ஆயர் ஒருவர் இருக்கிறார். இன்னொருவர் நாற்பது வருடம் ஒரே பிரசங்கத்தைச் செய்தார், யாரும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தவர்கள் கோயிலை விட்டுப் பிரிந்துபோன சபையாரின் சேப்பலுக்குப் போய்விட்டார்கள் என்றும் சொல்வார்கள்.

கோயிலை முதலில் எழுப்பிய புனிதர் கெந்தரைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆகவே அவர்மேல் யாருக்கும் குறையும் கிடையாது.

இந்தப் பலகையைச் சனிக்கிழமைதோறும் துடைத்தவள் நெஸ்டா ஜார்மன். கோயில் வார்டன், அதாவது கட்டடத்துக்குப் பொறுப்பான சபை ஆள். துடைக்கிறவர்கள் பெயரைப் பலகையில் எழுதும் வழக்கம் இல்லை. அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை. பொன்னெழுத்து அழுக்கு சேர்க்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நெஸ்டா பிறந்தது சேப்பல் குடும்பத்தில். கோயில் குன்றின்மேல் இருக்கிறது, சேப்பல் பாலத்தடியில். இரண்டு பக்கத்தாரும் இருநூறு வருடமாக ஒருவரை ஒருவர் பரிதாபத்தோடு பார்த்துக்கொள்கிறார்கள். ஆயிரம் பேசினாலும் புதைகுழி மட்டும் கோயில் தோட்டத்தில்தான். உயிரோடு இருக்கும்வரை படியேறாத சேப்பல்காரர்கள் எல்லோரும் கடைசியில் கல்லறைத் தோட்டத்து யூ மர நிழலுக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். அந்தக் கணக்கில் பார்த்தால் கெந்தர் கோயிலுக்கு ஆள் குறைந்ததே இல்லை.

நெஸ்டாவின் அப்பா சேப்பல் மூப்பர். கோயில் மணி அடித்தால் ஜன்னலைச் சாத்துகிறவர். அவர் மகள், மணி அடிக்கிற வீட்டுப் பையன் கிளெட்வின் ஜார்மனையே கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்கு வந்த அப்பா தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, ரயிலுக்குக் காத்திருப்பவர் மாதிரி பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தார். பாட்டு வந்தபோது மட்டும் தன்னை மறந்து பாடிவிட்டார். பிறகு அதற்காக மனைவியிடம் திட்டு வாங்கினார்.

சாவி ஜார்மன் வீட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்தது. ஒரு சாண் நீளம், நல்ல இரும்பு. நெஸ்டாவின் மாமனார் போனபின் கிளெட்வின் வார்டன் ஆனான். ஆனால் ஆடுகள் குட்டி போடுகிற காலமும் ஈஸ்டரும் எப்போதும் ஒன்றாகவே வரும். ஆட்டுக்குப் பிரசவம் பார்ப்பதா, ஆண்டவர் உயிர்த்தெழுந்ததைப் பார்ப்பதா என்ற கேள்வி வந்தால் மலைக்காரன் எதைத் தேர்ந்தெடுப்பான் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆக, வேலை நெஸ்டாவுக்கு வந்தது. கொஞ்ச நாளில் பதவியும் வந்தது. பகலெல்லாம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சமையல், மிச்ச நேரம் கோயில். சாவியின் கனத்தில் கோட்டுப் பை கிழியும், தைப்பாள், மறுபடி கிழியும்.

ஆயர்கள் வந்தார்கள், போனார்கள். ஒவ்வொருவரும் ஒரு திட்டத்தோடு வந்து ஒரு வலியோடு போனார்கள். முதலில் கேனன் பட்டம் பெற்ற மெரடித். கூரையில் வௌவால்கள் ஒண்டியிருப்பதைக் கண்டு சபையாரைவிட அவற்றின்மேல் அதிகப் பாசம் வைத்தார். பிரசங்கத்தின்போது மேலே பார்த்தே பேசுவார். வெளியூரார் அதைப் பக்தி என்று நினைத்தார்கள். அடுத்து வந்த அர்வின் கிட்டார் வாசித்தார். வாலிபர்களைக் கவரத்தான். ஊரில் அப்போது இருந்த வாலிபர்கள் மூன்று பேர். மூவருக்கும் கிட்டார் பிடிக்கவில்லை. பிறகு கப்பற்படையிலிருந்து ஓய்வுபெற்ற ஓர் ஆயர். மணியைக் கடிகாரத்தைப் பார்த்து அடிக்கச் சொன்னார். அதற்குப் பிறகு மூன்று வருடம் ஆயரே இல்லை. அப்போதுதான் கோயிலுக்குக் கூட்டம் கொஞ்சம் கூடியது.

இப்போது இருப்பவர் ஃபிலிப்பா. எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆங்கிலேயப் பெண். வந்து வெல்ஷ் படித்து நன்றாகவே பேசுகிறார். அவருக்கு ஏழு கோயில்கள். சிறிய கார் ஒன்றில், பின்னால் ரப்பர் பூட்ஸ், அப்பம், திராட்சரசம், பிரார்த்தனைப் புத்தகம், ஒரு மண்வெட்டி எல்லாம் போட்டுக்கொண்டு மலைக்கு மலை ஓடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பீடத்தண்டை நின்று, "இந்த..." என்று நிறுத்திவிட்டு, எந்த ஊரில் இருக்கிறோம் என்று நெஸ்டாவின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு தொடர்ந்தார். நெஸ்டா அன்றைக்கு அவருக்காகப் பரிதாபப்பட்டாள். களைத்தவள் இன்னொரு களைத்தவளைக் கண்டால் வருகிற பரிதாபம். அதனால் யாருக்கும் பிரயோசனம் கிடையாது.

பள்ளிக்கூடத்தை மூடினார்கள். கடைசி நாள் எல்லோரும் அழுதுவிட்டுப் போன பிறகு, சமையலறை கேஸை நிறுத்திக் கதவைச் சாத்தியவள் நெஸ்டா. தபால் நிலையத்தை மூடினார்கள். வாரத்தில் இரண்டு காலை அங்கே உட்கார்ந்தவளும் அவள்தான். ஷட்டரை இறக்கியதும் அவள்தான். ஆறு வருடம் முன்பு கிளெட்வின் போனபோது கண்ணிமைகளை மூடியதும் அவள் கைதான். இனி எந்தக் கதவையும் கடைசி ஆளாக நின்று பூட்ட மாட்டேன் என்று அன்றைக்கு அவள் முடிவு செய்தாள்.

முடிவு செய்வது சுலபம். ஈஸ்டர் பொதுக்கூட்டத்தில் எழுந்து, "இந்த வருஷத்தோட நான் விலகிக்கிறேன்" என்றாள். கூட்டம் என்றால் ஆயரம்மா, நெஸ்டா, காது மந்தமான ஆர்கன் வாசிப்பவர், உறங்கிக்கொண்டிருந்த ஒரு விவசாயி.

"வேற யாராவது நிக்கிறீங்களா?" என்று ஃபிலிப்பா கேட்டார்.

விவசாயி விழித்து, "நெஸ்டாவையே போடுங்க" என்றார். ஆர்கன்காரர் கையைத் தூக்கினார். எதற்கென்று அவருக்குத் தெரியாது. ஏகமனதாக நிறைவேறியது.

அடுத்த வருடமும் அப்படியே. அதற்கடுத்த வருடம் ஃபிலிப்பா அவளைத் தனியாக அழைத்துச் சொன்னார். "நெஸ்டா, ஒளிக்காம சொல்றேன். வார்டன் இல்லாத கோயில பேராயர் அலுவலகம் மூடிடும். விலகுறது உங்க உரிமை. நான் தடுக்கல. ஆனா அதுதான் நடக்கும்."

"அப்ப நான் விலகினா நான்தான் மூடினதா ஆகும்."

"நீங்க மூடினதா ஆகாது."

"ஊர் அப்படித்தான் சொல்லும், ஆயரம்மா. எனக்கும் அப்படித்தான் இருக்கும்."

விலகினால் மூடுகிறவள், விலகாவிட்டால் சுமக்கிறவள். ஆயிரத்து முந்நூறு வருடப் பழமை என்று சுற்றுலாப் பலகையில் எழுதியிருக்கிற ஒரு கட்டடம், முழங்கால் வலிக்கிற ஒரு சேப்பல்காரர் மகளின் மேல் சாய்ந்து நின்றது.

அந்த மார்கழியில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. கூட்டத்தில் சொன்னால் நாலு பேருக்குத்தான் தெரியும். ஊர் முழுக்கக் கோயிலில் கூடுகிற நாள் ஒன்று இருக்கிறது. ப்ளகைன். ஜனவரியில் ஒரு மாலை, கோயில்காரர், சேப்பல்காரர் எல்லோரும், அக்கம்பக்கத்துப் பள்ளத்தாக்கு ஆட்களும் வந்து, கிறிஸ்து பிறப்பின் பழைய பாட்டுகளைப் பாடுவார்கள். ஆர்கன் கிடையாது. நிகழ்ச்சி நிரல் கிடையாது. "ப்ளகைன் திறந்திருக்கிறது" என்று ஆயர் சொல்லி உட்கார்ந்துவிட வேண்டும். அதோடு அவர் வேலை முடிந்தது. பெஞ்சிலிருந்து ஒரு குடும்பம் எழுந்து முன்னால் போகும், வட்டமாக நிற்கும், சுருதி பிடிக்கும், பாடும், திரும்பி வந்து உட்காரும். யாரும் கை தட்டக் கூடாது. யாரும் யாரையும் அறிமுகம் செய்யக் கூடாது. ஒருவர் பாடியதை இன்னொருவர் திருப்பிப் பாடக் கூடாது. ஒரு குடும்பத்தின் பாட்டில் அடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. சபை முழுவதும் ஒரு சுற்று வந்து முடிந்ததும் ஓர் அமைதி விழும். பிறகு அதே வரிசையில் இரண்டாம் சுற்று. கடைசியில் ஆண்கள் எல்லோரும் சேர்ந்து ஒன்று பாடுவார்கள், அப்புறம் சாப்பாடு.

ஜார்மன் வீட்டுக்கும் ஒரு பாட்டு உண்டு. கிளெட்வின், அவன் மாமன் மகன் இட்வல் பெப், நெஸ்டா மூவரும் பாடுவது. இட்வல் பாலத்தடிச் சேப்பலின் மூப்பர். கிளெட்வினைவிட மூத்தவர், கட்டைக் குரல். நெஸ்டாவை நாற்பது வருடமாக 'கட்சி மாறினவ' என்றே கூப்பிட்டவர். கிளெட்வின் போனபின் இருவரும் பாடவில்லை. பாடலாமா என்று அவர் கேட்பார் என்று அவளும், அவள் கேட்பாள் என்று அவரும் ஆறு வருடமாக இருந்தார்கள்.

"முடிவுல எனக்கு ஒரு நிமிஷம் வேணும், ஆயரம்மா. எல்லாருக்கும் முன்னாடி சாவிய வச்சிட்டுச் சொல்லிடறேன். வேற யாராவது எடுத்துக்கட்டும். எடுக்கலன்னா ஊரே சேந்து மூடினதா இருக்கட்டும்."

ஃபிலிப்பா அவளையே பார்த்தார். "சரி. நான் தலையசைக்கிறேன். அப்ப வாங்க."

அன்று மதியத்திலிருந்தே நெஸ்டா கோயிலில்தான் இருந்தாள். அடுப்பை மூட்டினாள். மெழுகுவத்தி ஏற்றினாள். பெஞ்சுகளைத் துடைத்தாள். சுவரில் தொங்கும் மரத்து நாய் இடுக்கியைக்கூடத் துடைத்தாள். அந்தக் காலத்தில் ஆராதனை நடுவே மேய்ப்பு நாய்கள் சண்டை போட்டால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வைத்திருந்தது. சனங்கள் வந்து சேர்ந்தபோது அவளுக்கு நிற்கக்கூடத் தெம்பில்லை. பின் பெஞ்சில் உட்கார்ந்து, கோட்டுப் பைக்குள் சாவியைப் பிடித்துக்கொண்டாள்.

ஒவ்வொரு வீடாகப் போயிற்று. மேட்டுப் பண்ணைச் சகோதரிகள். பக்கத்துப் பள்ளத்தாக்கின் நாலு ஆண்கள். தனியாக வந்து பதினான்கு சரணத்தையும் பாடிவிட்டுப் போன ஒரு லாரி டிரைவர். நெஸ்டா பாதி கேட்டாள், பாதி கண் அயர்ந்தாள். முதல் சுற்று முடிந்தது. அமைதி விழுந்தது.

அந்த அமைதி நீளமானது. இரண்டாம் சுற்றைத் தொடங்கவேண்டிய சகோதரிகளில் ஒருத்திக்கு இருமல். முன்னால் உட்கார்ந்திருந்த ஃபிலிப்பா எல்லாம் முடிந்தது என்று நினைத்தார். பல வருடம் வந்தவர்தான். ஆனால் ஏழு கோயில்களின் கிறிஸ்துமஸைத் தாங்கிய மூளை அது. திரும்பிப் பார்த்து நெஸ்டாவுக்குத் தலையசைத்தார்.

நடுவில் விழுகிற இந்த அமைதிக்கும் முடிவில் விழுகிற அந்த அமைதிக்கும் உள்ள வித்தியாசம் நெஸ்டாவுக்குத் தெரியாததா? ஆனால் தலை அசைந்தது, அவள் எழுந்துவிட்டாள். நடு வழியில் நடந்து பாதி தூரம் வந்தபிறகுதான், ஆண்கள் இன்னும் பாடவில்லையே என்று உறைத்தது. திரும்பிப் போகலாம் என்றால் அதற்கும் வழக்கம் இல்லை. ப்ளகைனில் முன்னால் போனவர் பாடாமல் திரும்பியதாக லான்கெந்தரில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

முன்னால் வந்து நின்றாள். சபை முழுவதும் தலையைக் குனிந்துகொண்டது, பாட்டைக் கேட்க. சாவியைக் கையில் எடுத்தாள். பேச வாயைத் திறந்தாள். இந்தச் சுவர்களுக்குள், இந்த மாலையில், பாட்டில்லாத ஒரு வார்த்தை வெளியே வர மறுத்தது. நூறு பேர் காத்திருந்தார்கள். மெழுகுவத்தி ஒன்று சடசடத்தது.

வலதுபக்கம் பெஞ்சு கிரீச்சென்றது. இட்வல் பெப் எழுந்து, கைத்தடியை ஊன்றி வந்து அவளுக்கு அருகில் நின்றார். கண்ணில் புரை. அவள் கையில் இரும்பு மின்னியது அவருக்குத் தெரிந்தது. அது கிளெட்வின் சுருதி பிடிக்கத் தட்டுகிற இரும்புக் கவை என்று எடுத்துக்கொண்டார்.

"சுருதி கொடு பொண்ணே" என்றார் உதட்டை அசைக்காமல்.

"இது சாவி, இட்வல்."

"எதுவா இருந்தா என்ன. தட்டு."

அவள் பெஞ்சின் விளிம்பில் தட்டினாள். டொக் என்றது. அதிலிருந்து எந்தச் சுருதியும் பிடிக்க முடியாது. இட்வல் அதையும் காதில் வாங்கிக்கொண்டவர் போலத் தலையை ஆட்டி, தானே ஒரு சுருதியை முனகினார். தொடங்கினார்கள்.

அது ஒரு விசித்திரமான பாட்டாக இருந்தது. மெட்டைப் பாடுகிறவன் கிளெட்வின். மேலே அவன், கீழே இட்வல், நடுவில் நெஸ்டா என்பதுதான் ஏற்பாடு. இப்போது நடுவும் கீழும் மட்டும், மெட்டு இருக்கவேண்டிய இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தன. அங்கே இருந்த அத்தனை பேருக்கும் அந்த மெட்டு மனப்பாடம். யாரும் வாய் திறக்கவில்லை. அது ஜார்மன் வீட்டுப் பாட்டு. நூறு பேரும் அதைத் தங்கள் தலைக்குள் மட்டும் பாடினார்கள்.

எட்டாம் சரணத்துக்குப் பிறகு நெஸ்டாவுக்கு ஒன்றும் நினைவு வரவில்லை. இட்வல் எதைப் பிடித்தாரோ அதையே அவளும் பிடித்தாள். அவர் நடுவில் சில சரணங்களைத் தாண்டிவிட்டார். அதனால் ஆதாம் விழுந்தான், மீட்பு வரவில்லை, நேரே நியாயத்தீர்ப்பு வந்துவிட்டது. யாரும் முகம் மாறவில்லை. முடித்துத் திரும்பினார்கள். பீடத்துக்கு முன்னால் இருந்த சிறு மேசையில் சாவியை வைத்துவிட்டு வந்ததை நெஸ்டா பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் உணர்ந்தாள். எடுக்கப் போகவில்லை. மறுபடி முன்னால் போனால் மறுபடி பாட வேண்டும்.

சாப்பாடு பழைய பள்ளிக்கூட அறையில். பன்றித் தொடைக்கறி, ஊறுகாய், உலர்திராட்சை ரொட்டி, தேநீர். ஃபிலிப்பா தட்டில்கூடக் கை வைக்காமல் ஓடிவந்தார்.

"நெஸ்டா, என் தப்பு. முடிஞ்சிருச்சுன்னு நெனச்சேன். மன்னிச்சிருங்க."

"பரவாயில்ல, ஆயரம்மா. உக்காந்து சாப்பிடுங்க. நாளைக்கு எத்தன கோயில்?"

"நாலு."

"அப்ப ரெண்டு துண்டு கறியா எடுத்துக்குங்க."

இட்வல் எதிரே வந்து அமர்ந்தார். "ஆமா, சாவிய எதுக்குத் தூக்கிட்டு வந்த? பாட்டுக்குப் பூட்டுப் போடவா?"

நெஸ்டா சொன்னாள். சுருக்கமாகச் சொன்னாள், அழவில்லை, அழுகிற அளவுக்குத் தெம்பு மிச்சமில்லை. "விலகுறேன்னு சொல்லத்தான் வந்தேன். ஒடம்பு முடியல, இட்வல். மனசும் முடியல. ஆனா நான் விட்டா மூடிருவாங்க. இன்னொரு கதவ என் கையால மூட முடியாது."

இட்வல் ரொட்டிக்கு வெண்ணெய் தடவினார். நெடுநேரம் தடவினார்.

"அத முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?"

"மூணு ஈஸ்டரா சொல்றேன்."

"ஈஸ்டர் கூட்டத்துக்கு நான் எங்க வர்றேன்? நான் சேப்பல்காரன். உன்ன இந்தப் பதவியிலேர்ந்து வெளிய இழுக்க அந்த நாய் இடுக்கிதான் வேணும்போல."

"சிரிக்காதீங்க."

"சிரிக்கல. வார்டன் ஆகச் சொன்னா ஆக மாட்டேன். எங்க ஆளுங்க என்னப் பாலத்துலேர்ந்து ஆத்துல தள்ளிருவாங்க." அவர் கோட்டுப் பையில் கையை விட்டு அந்தச் சாவியை எடுத்து, தட்டுக்கருகில் வைத்தார். மேசை லேசாக அதிர்ந்தது. "இத மேசையிலேர்ந்து எடுத்து நான்தான் கதவப் பூட்டிட்டு வந்தேன். இந்தக் கோயிலப் பூட்டணும்னு எங்க ஆளுங்க இருநூறு வருஷமா ஆசப்பட்டாங்க. கடைசில எனக்குக் குடுத்து வச்சிருக்கு. தொறக்கிறதும் பூட்டுறதும் இனி என் பாடு. அடுப்பு மூட்ட மேட்டுப் பண்ணப் பொண்ணுங்ககிட்ட சொல்லிடறேன். உன் பேரு வார்டன்னு இருக்கட்டும். பேரு கனக்காது."

ஃபிலிப்பா கறியை மென்றபடி யோசித்தார். "மூப்பர் ஒருத்தர் சாவி வச்சிருக்கக் கூடாதுன்னு சட்டம் எதுவும் இல்லன்னு நெனக்கிறேன்."

"இருந்தாத் தேடாதீங்க" என்றார் இட்வல்.

"ஈஸ்டருக்கு அப்புறம்?" என்றாள் நெஸ்டா.

"ஈஸ்டருக்கு அப்புறம் நான் இருக்கேனோ இல்லியோ. தேநீர ஊத்து."

மறுநாள் காலை, வழக்கம்போல இருட்டிலேயே நெஸ்டாவுக்கு விழிப்பு வந்தது. மழை. எழுந்து கோட்டை எடுத்தாள். பைக்குள் கை போயிற்று. உள்துணியின் கிழிசல் மட்டும் விரலில் பட்டது.  லேசாக இருந்தது, அது சந்தோஷமா, வேறு ஏதாவதா என்று பார்க்க அவள் மெனக்கெடவில்லை.

தொலைபேசி அடித்தது.

"நெஸ்டா! இந்தப் பாழாப்போன கதவு தொறக்க மாட்டேங்குது. சாவி சுத்துது, கதவு அசையல. ஆயரம்மா நனஞ்சிட்டு நிக்கிறாங்க."

"கீல் பக்கம் எறங்கியிருக்கு. முழங்காலால லேசாத் தூக்கிக்கிட்டே சாவியத் திருப்புங்க."

"எந்த முழங்காலால? எனக்கு ரெண்டும் போச்சு."

அவள் ஒரு கையைக் கோட்டுக்குள் நுழைத்துவிட்டிருந்தாள். குன்றின்மேல் போய்வர அரைமணி நேரம் ஆகாது. கதவு அவள் பேச்சைக் கேட்கும்.

"எனக்கும்தான் போச்சு, இட்வல்" என்றாள். "ஆயரம்மாவத் தூக்கச் சொல்லுங்க. அவங்க சின்னவங்க."

அந்தப் பக்கம் முனகல், தடுமாறல், ஒரு இங்கிலீஷ் வசவு, ஆயரம்மா வாயிலிருந்துதான். பிறகு அவளுக்குத் தெரிந்த அந்தச் சத்தம், மரம் கல்லிலிருந்து விடுபடுகிற சத்தம்.

நெஸ்டா தொலைபேசியை வைத்தாள். கையைக் கோட்டிலிருந்து உருவி, கோட்டை ஆணியில் மாட்டினாள். படுக்கை இன்னும் சூடாகத்தான் இருந்தது.